கடிவாளம் யார் கையில்? ஒரு கிறிஸ்தவக் கல்லூரியும் அதைப் பெற்ற சபையும்

  

இன்னைக்கு விஷயம் ஒரு ஓட்டெடுப்புல தொடங்குது.

2022 ஜூன் மாதம். அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலத்தில் கிராண்ட் ராப்பிட்ஸ் என்ற நகரம். அங்கே கால்வின் பல்கலைக்கழக வளாகத்தில் கிறிஸ்டியன் ரிஃபார்ம்ட் சர்ச் என்ற திருச்சபையின் சினாட் கூடியது. சினாட் என்றால் சபையின் உச்ச மன்றம். நம்ம ஊர்ல சி.எஸ்.ஐ. சபையில இருக்கிறவங்களுக்கு இந்த வார்த்தை நல்லாவே பழக்கம்.

இந்தச் சபை தன் விசுவாசத்தின் அடிப்படையாக வைத்திருக்கும் பழைய ஆவணங்களில் ஒன்று ஹைடல்பெர்க் வினாவிடை. 1563-இல் வெளிவந்தது. அதன் 108-ஆவது கேள்வி கற்பு, கற்பின்மை பற்றியது. 'கற்பின்மை' என்ற அந்தச் சொல்லுக்குள் தன்பாலின உறவும் அடங்கும், இந்த விளக்கம் விசுவாச அறிக்கைக்குரிய அந்தஸ்து உடையது என்று சினாட் முடிவு செய்தது. ஆதரவு 123, எதிர்ப்பு 53.

வெளியில இருந்து பார்த்தா இது ஒரு சபையோட உள்விவகாரம். நமக்கென்னன்னு போயிடலாம். ஆனா அந்தக் கூட்டம் நடந்த அதே வளாகத்துல பாடம் நடத்துற பேராசிரியர்கள், வேலையில சேரும்போது இந்த விசுவாச ஆவணங்களை ஏத்துக்கறேன்னு கையெழுத்துப் போட்டவங்க. இயற்பியல் வாத்தியாரா இருந்தாலும் சரி, பொருளாதார வாத்தியாரா இருந்தாலும் சரி. போட்ட கையெழுத்து அப்படியே இருக்கு. அதுக்கு என்ன அர்த்தம்னு மேல இருக்கிறவங்க ஓட்டுப் போட்டு முடிவு பண்ணிட்டாங்க. "அர்த்தத்தை நாங்க மாத்தல, எப்பவும் இருந்ததைத் தெளிவாச் சொன்னோம், அவ்வளவுதான்"ங்கிறது ஓட்டுப் போட்டவங்க தரப்பு.

தன்பாலின உறவு பற்றிய விவாதத்துக்குள்ள நான் இன்னைக்குப் போகல. என் கேள்வி வேற. ஒரு சபை ஒரு நோக்கத்துக்காக ஒரு கல்லூரியைத் தொடங்குது. நூறு, நூத்தம்பது வருஷம் ஓடுது. அந்த நோக்கத்துக்கு அது இன்னும் உண்மையா இருக்கான்னு யார் பார்க்கணும்? சபையா, அங்க பாடம் நடத்துறவங்களா, பணம் கொடுக்கிறவங்களா, நீதிமன்றமா?

இந்தக் கேள்விக்கு மூன்று விதமான பதில்களை மூன்று இடங்களில் முயன்று பார்த்திருக்கிறார்கள். ஒவ்வொண்ணாப் பார்ப்போம்.

பிஷப்புகள் கோர்ட்டில் தோற்ற கதை

முதல் இடம் டென்னசி மாநிலத்தின் நாஷ்வில். அமெரிக்க உள்நாட்டுப் போர் முடிந்து தெற்கு மாநிலங்கள் நொந்து கிடந்த காலம். தென் மெதடிஸ்ட் சபை தன் போதகர்களையும் பிள்ளைகளையும் படிக்க வைக்க ஒரு பல்கலைக்கழகம் வேண்டும் என்று திட்டம் போட்டது. திட்டம் இருந்தது, பணம் இல்லை.

ஹாலண்ட் மெக்டையர் என்ற பிஷப் நியூயார்க் போனார். அவருடைய மனைவியும், கப்பலிலும் ரயிலிலும் பெரும் செல்வம் சேர்த்த கார்னெலியஸ் வாண்டர்பில்ட்டின் இரண்டாவது மனைவியும் உறவுக்காரர்கள். 1873-இல் வாண்டர்பில்ட் முதலில் 5 லட்சம் டாலர் கொடுத்தார். பிறகு இன்னும் கொடுத்து, மொத்தம் கிட்டத்தட்ட 10 லட்சம் டாலர் ஆனது. பல்கலைக்கழகத்துக்கு அவர் பெயரையே வைத்தார்கள். பணத்தோடு ஒரு நிபந்தனையும் வந்தது: மெக்டையர்தான் நிர்வாகக் குழுவின் தலைவர், குழுவின் முடிவுகளை ரத்து செய்யும் அதிகாரமும் அவருக்கு உண்டு.

இங்க ஒரு விஷயத்தைக் கவனிங்க. அந்த அதிகாரம் மெக்டையர்ங்கிற மனுஷனுக்குக் கொடுத்ததா, பிஷப்ங்கிற பதவிக்குக் கொடுத்ததா? அன்னைக்கு யாரும் இதைக் கேக்கல. எல்லாரும் சிநேகமா இருக்கிற வரைக்கும் கேக்க வேண்டிய தேவை வராது.

1889-இல் மெக்டையர் காலமானார். 1893-இல் ஜேம்ஸ் கர்க்லண்ட் என்பவர் சான்சலர் ஆனார். பல்கலைக்கழகத்தை நாட்டின் முன்வரிசைக்குக் கொண்டுவர நினைத்தவர். பிஷப்புகளுக்கும் அவருக்கும் உரசல் தொடங்கியது.

இந்த நேரத்தில் வெளியிலிருந்து ஒரு காந்தம் இழுக்கத் தொடங்கியது. 1905-இல் ஆண்ட்ரூ கார்னகி 1 கோடி டாலர் ஒதுக்கி, கல்லூரிப் பேராசிரியர்களுக்கு ஓய்வூதியம் தரும் அறக்கட்டளை ஒன்றை ஏற்படுத்தினார். அந்தக் காலத்துல ஒரு புரொஃபசருக்குப் பென்ஷன்ங்கிறது கனவு மாதிரி. ஆனால் சபைகளின் கட்டுப்பாட்டில் இருக்கும் கல்லூரிகளுக்கு அது கிடையாது. சில கல்லூரிகள் சபையோடு இருந்த சட்டப் பிணைப்பை அறுத்துக்கொண்டு பென்ஷன் பட்டியலில் சேர்ந்தன. அதுக்காக யாரும் நம்பிக்கையை மறுதலிக்கல. விதிமுறைப் புத்தகத்துல ரெண்டு வரியைத் திருத்தினாங்க, அவ்வளவுதான்.

1910-இல் மெதடிஸ்ட் பொது மாநாடு, "நிர்வாகக் குழு உறுப்பினர்களைத் தேர்ந்தெடுக்கும் உரிமை எங்களுக்கே" என்று சொல்லி ஆட்களை நியமித்தது. குழு அவர்களை ஏற்கவில்லை. வழக்கு போனது. வழக்கு நடக்கும்போதே, 1913-இல், மருத்துவக் கல்லூரிக்கு 10 லட்சம் டாலர் தருவதாக கார்னகி முன்வந்தார். அதில் பெரும்பகுதிக்கு நிபந்தனை இருந்தது. சபையின் பிடி தளர வேண்டும் என்பதுதான் அதன் சாரம். பிஷப்புகள் அந்த நன்கொடையை ரத்து செய்தார்கள். 1914 மார்ச்சில் டென்னசி உச்ச நீதிமன்றம், அப்படி ரத்து செய்யும் அதிகாரம் பிஷப்புகளுக்கு இல்லை என்று தீர்ப்புச் சொன்னது. அதே வருஷம் மெதடிஸ்ட் சபை வாண்டர்பில்ட்டைக் கைகழுவியது.

அடுத்து சபை என்ன பண்ணிச்சுன்னா, புதுசா ரெண்டு பல்கலைக்கழகத்தைத் தத்தெடுத்துச்சு. கிழக்கே அட்லாண்டாவில் எமரி. அதற்கு 10 லட்சம் டாலர் கொடுத்தவர் கோகோ கோலா முதலாளி ஏசா கேண்ட்லர். அவருடைய தம்பி வாரன் கேண்ட்லர் ஒரு மெதடிஸ்ட் பிஷப். வாண்டர்பில்ட் சண்டையில் முன்னணியில் நின்றவர். மேற்கே டல்லாஸில் சதர்ன் மெதடிஸ்ட் யூனிவர்சிட்டி. இந்தத் தடவை சபையோட உரிமையை விதிமுறையில தெளிவா எழுதிடுவோம்னு எழுதினாங்க.

நூறு வருஷத்தை ஓட்டிவிட்டு 2019-க்கு வாங்க. மெதடிஸ்ட் சபை தன்பாலின விவகாரத்தில் விதிகளை இறுக்கிய வருஷம் அது. டல்லாஸ் பல்கலைக்கழகம் தன் விதிமுறைகளைத் திருத்தி, சபைக்கு இருந்த உரிமையை நீக்கியது. சபையின் மண்டல மாநாடு வழக்குப் போட்டது. வழக்குத் தொடுக்க சபைக்கு உரிமை உண்டு என்று 2025-இல் டெக்சாஸ் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. 1914-ல எந்தச் சண்டையில இருந்து தப்பிக்கப் புது வீடு கட்டினாங்களோ, அதே சண்டை அந்தப் புது வீட்டுக்குள்ளயே வந்து உக்காந்துடுச்சு.

சட்டத்துல எழுதி வச்ச கண்காணிப்பு என்ன தரும்னு இந்தக் கதை காட்டுது. கோர்ட்ல நிக்கிற உரிமையைத் தரும். அங்க பாடம் நடத்துறவங்களுக்கு அந்த நோக்கத்துல நம்பிக்கை இருக்கான்னு எந்த நீதிபதியாலயும் உத்தரவு போட முடியாது.

சபையே வேண்டாம் என்ற கைப்பர்

சரி, சபை கையில அதிகாரம் இருந்தாத்தானே சண்டை? அதிகாரமே கொடுக்கலன்னா? இந்த இரண்டாவது வழியை முயன்றவர் நெதர்லாந்தின் ஆபிரகாம் கைப்பர்.

கைப்பர் போதகர், பத்திரிகையாளர், கட்சித் தலைவர். 1901 முதல் 1905 வரை நாட்டின் பிரதமர். 1880-இல் ஆம்ஸ்டர்டாமில் ஒரு பல்கலைக்கழகம் தொடங்கினார். பெயரே 'சுதந்திரப் பல்கலைக்கழகம்'. அரசிடமிருந்து சுதந்திரம், சபையிடமிருந்தும் சுதந்திரம். ஆழமான கால்வினிய நம்பிக்கை உள்ளவர் இதைச் செய்தார் என்பதுதான் சுவாரசியம். அவர் பார்வையில் குடும்பம், சபை, அரசு, கல்வி ஒவ்வொன்றுக்கும் கடவுள் தனித்தனி எல்லை கொடுத்திருக்கிறார். சபை பிரசங்கம் செய்யட்டும், பல்கலைக்கழகம் ஆராயட்டும். இரண்டும் கடவுளுக்குப் பதில் சொல்ல வேண்டும். ஒன்று இன்னொன்றுக்கு மேலதிகாரி ஆக வேண்டியதில்லை.

அப்ப யார் நடத்துனாங்க? ஒரு சங்கம். அதற்குப் பணம் கொடுத்தவர்கள் சாதாரண மக்கள். பின்னாளில் வீட்டுக்கு வீடு பச்சை நிறத் தகர உண்டியல் வைத்து, அதில் விழும் சில்லறையைச் சேர்த்துப் பல்கலைக்கழகத்துக்கு அனுப்பினார்கள். வீட்டுப் பெண்கள்தான் அந்த வேலையைத் தூக்கிச் சுமந்தவர்கள்.

ஆனால் இருபதாம் நூற்றாண்டின் பிற்பாதியில் அரசின் நிதி வந்தது, மாணவர் எண்ணிக்கை பெருகியது, நாடே மதப் பழக்கத்திலிருந்து வேகமாக விலகியது. இன்று அது நல்ல தரமான ஒரு பொதுப் பல்கலைக்கழகம். கைப்பர் நினைத்த அர்த்தத்தில் கால்வினியப் பல்கலைக்கழகம் இல்லை.

எந்த ஒரு நாள்ல இது நடந்துச்சுன்னு கேட்டா சொல்ல முடியாது. எங்க துறையில இதை 'டிரிஃப்ட்'னு சொல்லுவோம். சர்வர்ல யாரோ ஒரு சின்ன செட்டிங்கை மாத்துவாங்க, காரணம் நியாயமாத்தான் இருக்கும். இன்னொருத்தர் இன்னொண்ணு மாத்துவாங்க. ஆறு மாசம் கழிச்சுப் பார்த்தா, ஆவணத்துல எழுதியிருக்கிற சர்வர் வேற, ஓடிக்கிட்டு இருக்கிற சர்வர் வேற. கல்லூரிகளும் இப்படித்தான் நகர்ந்தன. ஹார்வர்ட் 1636-இல் தொடங்கியபோது போதகர்களை உருவாக்குவது அதன் பெரிய கவலைகளில் ஒன்று. இன்று அந்த வளாகத்தைப் பார்த்து யாரும் அப்படி நினைக்கப்போவதில்லை. இந்த நகர்வைப் பற்றி விரிவாக எழுதிய வரலாற்றாசிரியர்களில் முக்கியமானவர் ஜார்ஜ் மார்ஸ்டன். 1994-இல் வந்தது அவர் புத்தகம். அவர் இருபது வருஷம் போல எங்கே பாடம் நடத்தினார் தெரியுமா? கால்வின் கல்லூரியில்.

ஒரு கையெழுத்தின் எடை

இப்ப மூணாவது வழி. மறுபடி கிராண்ட் ராப்பிட்ஸ் போவோம்.

நெதர்லாந்திலிருந்து குடியேறிய மக்கள் 1857-இல் இந்தச் சபையை அமைத்தார்கள். 1876-இல் போதகர்களைப் பயிற்றுவிக்க ஒரு பள்ளி தொடங்கினார்கள்: ஒரு ஆசிரியர், ஏழு மாணவர்கள். அதுதான் வளர்ந்து கால்வின் கல்லூரி ஆனது, 2019-இல் பல்கலைக்கழகம் என்று பெயர் மாறியது. இவர்களில் பலருக்குக் கைப்பர்தான் ஹீரோ. ஆனால் கைப்பர் சொன்னதைக் கேட்காமல், கல்லூரியைச் சபையே வைத்துக்கொண்டது. "கைப்பர் வழியில் தனிச் சங்கத்திடம் கொடுத்துவிடுவோம்" என்ற வாதம் அங்கே பல தலைமுறை ஓடியது, கொடுக்கவில்லை.

கண்காணிப்பு எப்படி? நிர்வாகக் குழு உறுப்பினர்களைச் சினாட் உறுதி செய்யும். பேராசிரியர்கள் விசுவாச ஆவணங்களுக்குக் கையெழுத்திட வேண்டும். பெல்ஜிக் அறிக்கை, ஹைடல்பெர்க் வினாவிடை, டோர்ட் தீர்மானங்கள் என்று மூன்று. நீண்ட காலம் இன்னும் இரண்டு நிபந்தனைகள் இருந்தன: அந்தச் சபையில் உறுப்பினராக இருக்க வேண்டும், பிள்ளைகளைக் கிறிஸ்தவப் பள்ளியில் படிக்க வைக்க வேண்டும். வேலை ஒப்பந்தம் வீட்டு வாசல் வரைக்கும் வருது, பாருங்க.

இதனால் சபை அடிக்கடி உள்ளே நுழைந்தது. 1922-இல் பழைய ஏற்பாட்டுப் பேராசிரியர் ரால்ஃப் ஜான்சனைப் பதவியிலிருந்து நீக்கியது. 1928-இல் சினிமா, நாடகம் பார்ப்பது, நடனம், சீட்டாட்டம் மூன்றையும் உலகப்பிரகாரமான பொழுதுபோக்குகள் என்று கண்டித்தது. மாணவர்களுக்கு அதுவே சட்டம். ஆனால் 1966-இல் இதே சினாட் சினிமாவை ஒரு கலை வடிவமாக ஏற்றுக்கொண்டு, "பார், யோசித்துப் பார்" என்ற நிலைக்கு வந்தது. அதாவது கண்காணிக்கிற சபையும் நகரும். 'நோக்கம்'ங்கிறது சுவத்துல அடிச்ச ஆணி கிடையாது.

1986-இல் ஹாவர்ட் வான் டில் என்ற இயற்பியல் பேராசிரியர் ஒரு புத்தகம் எழுதினார். பிரபஞ்சத்தின் வயது பல நூறு கோடி ஆண்டுகள், அறிவியல் சொல்வதையும் ஆதியாகமத்தையும் சேர்த்து வாசிக்கலாம் என்பது அவர் வாதம். சபைக்குள் பெரும் புயல். அவரை நீக்கச் சொல்லிக் கடிதங்கள், செய்தித்தாளில் விளம்பரங்கள். நிர்வாகக் குழு ஒரு ஆய்வுக் குழு போட்டு, அவரைக் கூப்பிட்டுப் பேசி, அவர் எல்லைக்குள்தான் இருக்கிறார் என்று 1988-இல் முடிவு செய்தது. அவர் தொடர்ந்து பாடம் நடத்தினார்.

ஆனால் 2010-இல் ஜான் ஷ்னைடர், டேனியல் ஹார்லோ என்ற இரண்டு சமயத்துறைப் பேராசிரியர்கள், ஆதாம் வரலாற்று மனிதரா என்று கேள்வி எழுப்பிக் கட்டுரைகள் வெளியிட்டார்கள். மறுவருஷமே ஷ்னைடர் ஓர் உடன்பாட்டின் பேரில் கல்லூரியை விட்டு வெளியேறினார். ஹார்லோ தொடர்ந்தார்.

ஒரே கையெழுத்து, ஒரே கல்லூரி. ஒருத்தருக்கு இடம் இருந்தது, இன்னொருத்தருக்கு இல்லாமப் போச்சு. விதி மட்டும் இதைத் தீர்மானிக்கல. அந்தந்த நேரத்துல எதிர்ல உக்காந்து கேட்டவங்க எவ்வளவு பொறுமையாக் கேட்டாங்கங்கிறதும் சேர்ந்துதான் தீர்மானிச்சது.

இங்க நம்ம அனுபவம் ஒண்ணு சொல்றேன். இன்ஜினியரிங் படிச்சவங்களுக்குச் சட்டுனு புரியும். என்.பி.ஏ. குழு இன்ஸ்பெக்‌ஷனுக்கு வர்றதுக்கு முந்தின வாரம், டிபார்ட்மென்ட்டோட விஷன், மிஷன் ரெண்டையும் மனப்பாடம் பண்ணச் சொல்லுவாங்க. காரிடார்ல புதுசா போர்டு மாட்டுவாங்க. நாங்களும் ஒப்பிச்சோம். குழு வந்துச்சு, கேட்டுச்சு, டிக் அடிச்சுச்சு, போயிடுச்சு. அந்த மிஷன்ல இருந்த ஒரு வார்த்தை இன்னைக்கு எங்க யாருக்கும் ஞாபகம் இல்ல. கண்காணிக்கிறவங்களுக்குத் தேவை ஒரு பதில் மட்டும்தான்னா, கண்காணிக்கப்படுறவங்க அந்தப் பதிலைத் தயார் பண்ணி வச்சுக்குவாங்க. கால்வின்ல அந்த ஆபத்துக்கு ஒரு மருந்து இருந்துச்சு. அதைப் பத்திதான் அடுத்து.

பக் ரிப்போர்ட் போட இடம் இருக்கா?

அந்தச் சபையின் சட்டத்தில் 'கிரவாமென்' என்று ஒன்று உண்டு. லத்தீன் சொல். பாரம், சுமை என்று பொருள். கையெழுத்துப் போட்ட ஒருவருக்கு, பின்னாளில் அந்த ஆவணத்தில் ஒரு இடத்தில் மனம் ஒப்பவில்லை என்றால், அந்தப் பாரத்தை முறைப்படி எழுதிக் கொடுக்கலாம்.

அதில் இரண்டு வகை. ஒன்று, "எனக்கு இந்த இடத்தில் சிரமம் இருக்கிறது" என்று தன் நிலையைச் சொல்வது. இன்னொன்று, "ஆவணத்தையே திருத்த வேண்டும்" என்று சபை முழுவதற்கும் கோரிக்கை வைப்பது. எங்க பாஷையில சொன்னா முதல் வகை பக் ரிப்போர்ட், ரெண்டாவது சேஞ்ச் ரிக்வெஸ்ட்.

பல சபைகளில் கையெழுத்து என்றால் கையெழுத்து. பிடிக்கவில்லை என்றால் வெளியே போ, அல்லது வாயை மூடிக்கொண்டு உள்ளே இரு. கிரவாமென் அந்த இரண்டுக்கும் நடுவில் மூன்றாவதாக ஒரு கதவு. நான் இங்கேதான் இருக்கிறேன், இந்த வீட்டுக்குப் பொறுப்பானவன்தான், ஆனால் இந்தத் தூணில் விரிசல் இருப்பதாக நினைக்கிறேன் என்று சொல்லும் உரிமை.

2022 ஓட்டெடுப்புக்கு முன்பே, இப்படி அந்தஸ்து கொடுக்க வேண்டாம் என்ற கவலையை கால்வின் பேராசிரியர்கள் பலர் சினாடுக்குக் கடிதமாக எழுதியிருந்தார்கள். அதே வருஷம் ஒரு தன்பாலினத் திருமணத்தை நடத்தி வைத்ததற்காகச் சமூகப் பணித் துறைப் பேராசிரியர் ஒருவருக்கு மறுநியமனம் மறுக்கப்பட்டது. ஓட்டெடுப்புக்குப் பிறகு சில பேராசிரியர்கள் முறைப்படி கிரவாமென் எழுதிக் கொடுத்தார்கள். பல்கலைக்கழக நிர்வாகக் குழு அவற்றைப் பரிசீலித்து, அவர்கள் வேலையில் தொடரலாம் என்று முடிவு செய்தது.

சபைக்குள் ஒரு தரப்பு கொதித்தது. அவங்க கேட்ட கேள்வியும் லேசுப்பட்டதில்ல. "சிரமம் இருக்குன்னு ஒரு பேப்பர் எழுதிக் கொடுத்துட்டு வாழ்நாள் முழுக்க அப்படியே இருக்கலாம்னா, கையெழுத்துக்கு என்ன மதிப்பு? பக் ரிப்போர்ட் போட்டவர் அதைத் தீர்க்கவே வேண்டாமா?" 2024 சினாட் இந்தப் பக்கம் சாய்ந்தது. சபைப் பொறுப்பில் இருப்பவர்களுக்குக் கிரவாமென் நிரந்தர விதிவிலக்கு ஆகாது, குறித்த காலத்துக்குள் அது தீர்க்கப்பட வேண்டும் என்றது. போதகர்களுக்கும் மூப்பர்களுக்கும் போட்ட விதி பேராசிரியர்களுக்கும் அப்படியே பொருந்துமா என்பதுதான் கல்லூரியின் தலைக்கு மேல் தொங்கும் கத்தி.

என் கருத்தை இங்க சொல்லிடறேன். சபைக்குக் கேக்குற உரிமை இருக்கு. அவங்க பாட்டன் பாட்டி சில்லறை சேர்த்துக் கட்டுன கல்லூரி அது. அந்த உரிமையே கூடாதுங்கிறது எனக்கு நியாயமாப் படல. வாண்டர்பில்ட்டும் ஆம்ஸ்டர்டாமும் எங்க போய் நின்னுச்சுன்னு பார்த்துட்டோம். ஆனா போதகர் வேலை வேற, பேராசிரியர் வேலை வேற. சபை நம்புறதைச் சொல்லத்தான் போதகர் மேடை ஏறுறார். பேராசிரியரோட வேலையில பாதி, இன்னும் முடிவாகாத கேள்வியோட பல வருஷம் கூடவே வாழறது. கெடு வச்சா அந்தக் கேள்வி தீராது. வெளியில சொல்றதை நிறுத்திடுவாங்க, அவ்வளவுதான். அதுக்கப்புறம் சபைக்கு வர்ற ரிப்போர்ட்ல எல்லாம் பச்சை விளக்குத்தான் எரியும். உள்ள என்ன ஓடுதுன்னு மட்டும் தெரியாது. திறந்த பக் ஒண்ணுகூட இல்லாத ப்ராஜெக்ட்டைப் பார்த்தா, சூப்பர் கோட்னு நான் நினைக்க மாட்டேன். இங்க யாரும் பக் ரிப்போர்ட் போடறதில்லன்னுதான் நினைப்பேன்.

கண்காணிக்கிறவர்களே குறைந்துபோனால்

இன்னொரு பக்கமும் இருக்கு. இந்தச் சபையின் உறுப்பினர் எண்ணிக்கை 1992-இல் உச்சத்தில், 3 லட்சத்து 16 ஆயிரத்துக்கு மேல் இருந்தது. இப்போது 2 லட்சத்துக்கும் கீழே. ஒரு காலத்தில் கால்வின் மாணவர்களில் பெரும்பாலோர் சபைப் பிள்ளைகள். இன்று அவர்கள் சிறுபான்மை. சபைகள் அனுப்பும் பங்கு, இன்று பல்கலைக்கழக பட்ஜெட்டில் சின்னத் துண்டு. மீதி மாணவர் கட்டணம், நன்கொடை.

அதாவது நோக்கத்தை வரையறுக்கிற ஓட்டு ஒருத்தர் கையில. ஃபீஸ் கட்டுறது வேற ஒருத்தர். கட்டடத்துக்குப் பேர் போட்டுப் பணம் கொடுக்கிறது மூணாவது ஆள். வகுப்புல நிக்கிறது நாலாவது ஆள். நாலு பேரும் 'எங்க கல்லூரி'ன்னுதான் சொல்றாங்க. 1876-ல இந்த நாலு பேரும் ஒரே தெருவுல, ஒரே ஆராதனைக்குப் போன ஆளுங்க. அன்னைக்குக் கண்காணிப்புன்னு தனியா ஒண்ணு தேவைப்படல. ஞாயித்துக்கிழமை சபை வாசல்ல பார்த்துக்கிட்டாலே போதும். இன்னைக்கு விதி இவ்வளவு பெருசாத் தெரியறதுக்குக் காரணம், அந்தப் பரிச்சயம் போயிடுச்சுங்கிறதுதான்.

தாம்பரம் வரை

"இதெல்லாம் அமெரிக்கக் கதை, நமக்கு என்ன?"ன்னு கேப்பீங்க. இதே கேள்வியை நம்ம ஊர்க் கல்லூரிகளைப் பார்த்தும் ஒருமுறை அதிகாரபூர்வமாகக் கேட்டிருக்கிறார்கள். ஆக்ஸ்ஃபோர்டில் பேலியல் கல்லூரியின் தலைவராக இருந்த ஏ.டி. லிண்ட்ஸே தலைமையில் ஒரு குழு இந்தியாவின் புராட்டஸ்டன்ட் கல்லூரிகளைச் சுற்றிப் பார்த்து 1931-இல் அறிக்கை கொடுத்தது. மிஷன் சபைகள் அனுப்பிய பணத்தில் நடக்கும் கல்லூரிகள், பல்கலைக்கழகத் தேர்வு, பட்டம், அரசு வேலை என்ற ஓட்டத்தில் சிக்கி, எதற்காகத் தொடங்கப்பட்டன என்பதை இழந்துகொண்டிருக்கின்றனவா என்பதுதான் அவர்களின் கவலை. அறிக்கை வந்த சில வருஷங்களில், 1937-இல், சென்னைக் கிறிஸ்தவக் கல்லூரி ஜார்ஜ் டவுன் நெரிசலை விட்டுத் தாம்பரம் போனது.

இங்கே ஒரு பெரிய வித்தியாசம் உண்டு. கால்வின் தொடங்கியது சபைப் பிள்ளைகளுக்காக. நம்ம ஊர் மிஷன் கல்லூரிகளில் தொடக்கத்திலிருந்தே பெரும்பாலான மாணவர்கள் கிறிஸ்தவர்கள் இல்லை. அதனால் எல்லோரும் ஒரே அறிக்கைக்குக் கையெழுத்து என்ற வழி இங்கே நடைமுறைக்கே வராது. நோக்கத்தை வேறு விதத்தில்தான் காட்ட வேண்டும்: யாரைச் சேர்க்கிறீர்கள், ஏழைப் பிள்ளைக்கு என்ன செய்கிறீர்கள், வேலைக்கு ஆள் எடுக்கும்போது எப்படி நடந்துகொள்கிறீர்கள்.

சுதந்திரத்துக்குப் பிறகு இந்த விவாதம் பெரும்பாலும் அரசுக்கும் சிறுபான்மை நிர்வாகத்துக்கும் நடுவில் என்று ஆகிவிட்டது. அரசமைப்புச் சட்டத்தின் 30-ஆவது பிரிவு, கல்வி நிறுவனங்களை நிறுவி நிர்வகிக்கும் உரிமையைச் சிறுபான்மையினருக்குத் தருகிறது. மதிப்புள்ள உரிமை அது. ஆனா அது 'யாருக்கு உரிமை'ன்னு மட்டும்தான் சொல்லும். 'அந்த உரிமையை வச்சு என்ன பண்ணப்போறீங்க'ன்னு கேக்கிறது சட்டத்தோட வேலை இல்ல. அதை உள்ள இருக்கிறவங்கதான் கேக்கணும். கேட்டா பதில் சொல்ற இடமும் உள்ளதான் இருக்கணும்.

கடைசியா

கிறிஸ்தவக் கல்லூரின்னு இல்ல, ஒரு கொள்கைக்காகத் தொடங்குன எந்த நிறுவனத்துக்கும், அறக்கட்டளையோ பத்திரிகையோ தொழிற்சங்கமோ, மூணு கேள்வி கேட்டுப் பார்க்கலாம்னு தோணுது. நோக்கம் இதுதான்னு சொல்ற அதிகாரம் யார்கிட்ட இருக்கு, அதை அவங்ககிட்ட யார் கொடுத்தா? அந்த நோக்கத்தைத் தினமும் சுமக்கிறவங்க அதை மனசாரச் சுமக்கிறாங்களா, சம்பளத்துக்காகவா? சுமக்க முடியலன்னு ஒருத்தர் நேர்மையா எழுதிக் கொடுத்தா, மறுநாள் காலையில அவருக்கு என்ன நடக்கும்?

மூணாவது கேள்வியைத்தான் நான் முதல்ல கேப்பேன். கால்வின்ல கிரவாமென் எழுதிக் கொடுத்தவங்க கல்லூரியை விட்டு ஓடப் பார்த்தவங்க இல்ல. கையெழுத்தைச் சீரியஸா எடுத்துக்கிட்டவங்க. சீரியஸா எடுத்துக்காதவங்களுக்கு எதுக்கு அந்த வேலை? பேசாம இருந்திருப்பாங்களே. அவங்களை வெளிய அனுப்பினா, விதிக்குக் கட்டுப்பட்ட கல்லூரி ஒண்ணு சபைக்கு மிஞ்சலாம். தன் விசுவாசத்தைப் பத்திக் கவலைப்பட்டு ராத்திரி தூங்காம உக்காந்து எழுதின ஆளுங்க அங்க குறைஞ்சுபோவாங்க.

உங்க காலேஜ்லயோ ஆபீஸ்லயோ இந்த மாதிரி 'பாரத்தை எழுதிக் கொடுக்க' ஒரு இடம் இருக்கா? இருந்தா அது எப்படி வேலை செய்யுதுன்னு எழுதி அனுப்புங்க, அடுத்த எபிசோடோட தொடக்கத்துல சிலதை வாசிக்கறேன். பேர் போட வேண்டாம்னா போட மாட்டேன்.